பிப்ரவரி முப்பதாம் தேதி நீர்மட்டம்

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நான் நல்லா இருக்கேன், படி இறங்கும்போது மட்டும் முட்டி என்னைத் திட்டுது. நீ எப்படி இருக்கே? வேளைக்குச் சாப்பிடறியா, இல்லை இன்னமும் பிஸ்கட்டைத்தான் சோறுன்னு நம்பிட்டு இருக்கியா?

எட்டு மாசம் கழிச்சு உன் கடிதம். கவர் கனமா இருக்கேன்னு ஆசையா பிரிச்சேன். உள்ளே கேள்வித்தாள்! அஞ்சாம் கிளாஸோட தப்பிச்சு ஓடி வந்தவளை நாப்பத்தொம்பது வயசுல பரீட்சைக்கு உட்கார வைக்கிறியே, நல்லா இருப்பியா நீ?

எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், சரியான்னு பாரு. இந்த ஆத்தோரம் நெடுக பதினேழு இடத்துல தண்ணி அளக்கற கம்பம் நட்டிருக்கு. பதினோராவது கம்பம் எங்க வீட்டு வாசல்ல. எல்லா நோட்டும் இப்போ உங்க ஆராய்ச்சி ஆபீஸுக்கு வந்திருக்கு. நீ அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, உலகத்துல யார் வேணும்னாலும் சும்மா எடுத்துப் பார்க்கற மாதிரி பொது இடத்துல வைக்கப் போறே. வெறும் நம்பரை வச்சா போதாது. யார் அளந்தது, எப்போ அளந்தது, எதை வச்சு அளந்ததுன்னு கூடவே ஒரு விளக்கமும் வைக்கணும். ஏண்டா, என் வாசல்ல தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு பார்க்கவா உலகம் சோறு தண்ணியில்லாம காத்துக் கிடக்கு?

சரி, பதில். காலையில ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி. கம்பத்துல எனாமல் தகடு, அதுல சென்டிமீட்டர் கோடு. பத்து வருஷம் முன்ன ஒரு மரம் அடிச்சுட்டு வந்து மோதி தகடு வளைஞ்சுது, புதுசு போட்டாங்க.

மூணாவது கேள்வியைப் படிச்சுட்டு சிரிச்ச சிரிப்புல எனக்கு விக்கலே வந்துடுச்சு. அத்தான் நோட்டுல பிப்ரவரி முப்பதாம் தேதி காலையில 140, சாயங்காலம் 145ன்னு இருக்காமே! உங்க அத்தானை என்னன்னு நினைச்சே? இல்லாத நாள்லயும் வேலை பார்த்த மனுஷன்டா.

நாலாவது, குறிப்புக் கட்டத்துல இருக்கற வட்டம், அரை வட்டம். பேனா எழுதுதான்னு சுத்திப் பார்த்திருக்கும், விடு.

அத்தான் உன்னை ரொம்ப விசாரிச்சார். இருமலுக்கு மருந்து வாங்கிக் குடி. போன்ல கூப்பிடாதே, இங்க டவர் கிடைக்க மேட்டுக்குப் போய்க் கத்தணும், மாடெல்லாம் திரும்பிப் பார்க்குது.

உன்னை இடுப்புல சுமந்து இடுப்பு வளைஞ்ச,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது. உன் முட்டிக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா?

நீ புரிந்துகொண்டது எல்லாம் சரி. எங்கள் மேடம்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆனால் வட்டத்தைப் பேனாமேல் போட்டுத் தப்பிக்க முடியாது. நோட்டில் ஒரு குறி இருந்தால் அது என்ன என்று எழுத வேண்டும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுத வேண்டும்.

அத்தானிடம் இன்னொன்று கேள். முதல் பதினெட்டு வருஷமும் அவர் எழுதிய எல்லா அளவும் 0 அல்லது 5இல் முடிகிறது. 140, 145, 150. ஆறு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாசத்திலிருந்து, திடீரென்று 137, 142, 139 என்று வருகிறது. அதற்கப்புறம் ஒருநாள்கூட விடுபடவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய பெரிய வெள்ளத்தில் மற்ற பதினாறு இடத்து நோட்டும் வெறுமை. ஓடிவிட்டார்கள், தப்பில்லை. உங்கள் நோட்டில் மட்டும் மூன்று நாள், வெளிச்சம் இருந்த நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு அளவு. உச்சம் 388. அந்த வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு இந்த ஆற்றில் வேறு சாட்சியே இல்லை. பாலம் கட்டுகிறவர்கள் முதலில் தேடப்போவது அந்த மூன்று நாளைத்தான்.

அதனால் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். "இவற்றை நானே நேரில் பார்த்து எழுதினேன்" என்று அத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். யார் பார்த்தது என்று உறுதியில்லாத அளவை நாங்கள் வெளியிடுவதில்லை, நீக்கிவிடுவோம். ஆகஸ்ட் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தம்பி


பிப்ரவரி 24

என் செல்லக் கேள்விநாயகத்துக்கு,

நாங்க சுகம். தைலம் வந்துச்சு. தடவினா முட்டி வலி போகலை, ஆனா வீட்டுல கொசு போயிடுச்சு. அந்த வகையில நல்ல மருந்து.

0, 5 விஷயம் கேட்டேன். வேற என்ன, கண்ணாடிதான்! அத்தான் புதுக் கண்ணாடி போட்டார். அதுவரைக்கும் கோடெல்லாம் கும்பலா தெரிஞ்சுது, அப்புறம் தனித்தனியா தெரிய ஆரம்பிச்சுது. இதைப் போய் ஆராய்ச்சி பண்றாங்களாம், சம்பளம் கொடுத்து!

அப்படியே உன் விளக்கத்துல இதையும் சேர்த்துக்கோ, படிச்ச பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்ணி இறங்கினாலும் தகட்டுல ஈரம் அப்படியே நிக்கும். மேல நின்னுட்டு எட்டிப் பார்த்தா ஈரக் கோடுதான் தெரியும். அது பொய். இருபத்திரண்டு படியும் இறங்கி, தண்ணி ஒட்டற படியில குத்தவச்சு உட்கார்ந்து, மூச்சை விட்டுட்டுப் பார்க்கணும். அலை ஒரு நிமிஷம் நிக்கும். அப்போ தெரியறதுதான் தண்ணிக் கோடு.

வெள்ளம் என்ன பெரிய வெள்ளம். பதினெட்டு படி முழுகிப் போச்சு, இறங்கற வேலை மிச்சம்னு சந்தோஷமா இருந்துச்சு.

படிவம் வந்துச்சு. அத்தான் குளிக்கிறார், வந்ததும் போடச் சொல்றேன். எதிர்ல பம்ப் ஹவுஸைப் பூட்டிட்டாங்க, வாட்ச்மேன் போயிட்டான். அவன் குறட்டைச் சத்தம் இல்லாம மத்தியானம் ஒரு மாதிரி இருக்கு. நீ கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி ஏதாவது உத்தேசம் இருக்கா, இல்லை கம்ப்யூட்டரையே கட்டிக்கப் போறியா?

உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கற,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். படிவம் இன்னும் வரவில்லை. மற்ற பதினாறு இடமும் முடிந்தது. பதினோராம் எண் மட்டும் திரையில் சிவப்பாகவே நிற்கிறது. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது, அதனால் நாள் முழுக்க நான் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான்.

குறியை மறக்காதே. மொத்தம் எண்பத்தொரு வட்டம், நூற்றுப்பன்னிரண்டு அரை வட்டம். எண்ணிவிட்டேன். பேனா இவ்வளவு தடவை மக்கர் பண்ணாது.

தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ சுகமா இருக்கியா? பதில் லேட் ஆயிடுச்சு. வேலை, வேலை, நிக்க நேரமில்லை. என்ன வேலைன்னு மட்டும் கேட்காதே.

படிவம் தண்ணில விழுந்துடுச்சுடா. கையோட கீழே எடுத்துட்டுப் போனேன், காத்து பிடுங்கிக்கிச்சு. தண்ணி அளக்கற வீட்டுப் படிவம், தண்ணிக்குப் போச்சு. இன்னொண்ணு அனுப்பாதே. அத்தானுக்குக் கையில சுளுக்கு, பேனா பிடிக்க முடியலை. நம்மளோடதை விட்டுடேன். மீதி பதினாறு இருக்கில்லே? பதினேழுல ஒண்ணு குறைஞ்சா உலகம் கவுந்துடுமா?

அத்தான் உன்னை விசாரிச்சார்.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் கடிதத்தின் தேதியைப் பார். 24. உன்னுடைய நாலு எப்போதும் தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி மாதிரி இருக்கும். அம்மாவுக்கு மளிகைச் சீட்டு நீதான் எழுதுவாய், நாலு கிலோவைக் கடைக்காரர் ஏழு என்று படிப்பார். அதே நாற்காலி உங்கள் நோட்டில் ஆறு வருஷமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டேன். நீயே சொல்வாய் என்று இருந்தேன்.

தண்ணிக் கோடு பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். அத்தான் அந்தப் படியில் குத்தவைத்து உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. உங்களோடு இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன், மேலே நின்று ஒரு பார்வை, அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட, அவர் என்னை விசாரித்ததாக எழுதுகிறாய் பார், அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். "இது வீடா, சத்திரமா" என்று கேட்டுத்தானே என்னை அனுப்பினார்? ஏழு வருஷம் ஆகிறது. அவர் என்னை எதற்காக விசாரிக்கப் போகிறார்?

அக்கா, அத்தான் எங்கே?

தம்பி


ஜூன் 10

அக்கா,

நலமா? ஒரு மாசம் ஆகிவிட்டது. நான் கேட்டது தப்பு என்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். படிவம் வேண்டாம், எதுவும் வேண்டாம். "நல்லா இருக்கேன்" என்று இரண்டு வார்த்தை மட்டும் எழுது.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

நல்லா இருக்கேன். ரெண்டு வார்த்தை ஆச்சு. இனிமே வர்றதெல்லாம் இனாம்.

அத்தான் போயிட்டார்டா. ஆறு வருஷம். நீ பயப்படற மாதிரி இல்லை, எங்கேயோ உசிரோட சௌக்கியமாத்தான் இருக்கார். அவர் இந்த அளக்கற வேலையோட கல் லாரிக்கும் போவார், உனக்குத் தெரியுமே. போறதுக்கு முன்னாடி ஒரு மாசத்து அளவை ஒரே மூச்சுல உட்கார்ந்து எழுதி வச்சுட்டுப் போவார். அந்த வேகத்துல பிப்ரவரிக்கு முப்பது நாள் ஆயிடும். அந்தத் தடவையும் லாரியோட போனார். லாரி திரும்பி வந்துச்சு. அவர் வரலை. அங்க ஒரு குடும்பம் ஆயிடுச்சுன்னு கிளீனர் வந்து சொல்லிட்டுப் போனான். பாவம், அவன்தான் அழுதான். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துத் தேத்தி அனுப்பினேன்.

மாசக் கடைசி. அவர் எழுதி வச்ச தாளை அனுப்பிட்டேன், அடுத்த மாசத்துத் தாளுக்குத்தான் ஆள் இல்லை. இந்த வேலைக்குக் கூலியே இந்த வீடுதான், வேலை அவர் பேர்ல, அவர் இல்லைன்னா வீடும் இல்லை. சரி, அவர் மாதிரியே உட்கார்ந்து எழுதிடுவோம்னு பேனாவை எடுத்தேன். வரலைடா. இல்லாத தண்ணிக்கு நம்பர் போட எனக்குத் தைரியம் வரலை. அதுக்கெல்லாம் கொஞ்சம் படிச்சிருக்கணும் போல. அதனால இறங்கிப் போய்ப் பார்த்தேன். 137 இருந்துச்சு. மறுநாள் 139. அட, ஏறியிருக்கேன்னு இருந்துச்சு. அப்படியே பழகிடுச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை என்கிட்ட புதுசா ஒரு சேதி சொல்றது அது மட்டும்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஓவர்சியர் வருவார். "அவர் எங்கேம்மா?" "குளிக்கிறார் சார்." அடுத்த வருஷம், "எங்கேம்மா?" "குளிக்கிறார் சார்." மூணாவது வருஷம் அவரே, "இன்னும் குளிச்சு முடிக்கலையா?"ன்னு கேட்டுட்டு, வாசல்ல நின்ன வாக்குல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன். அப்புறம் ரிட்டையர் ஆயிட்டார், வேற யாரும் வரலை.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்காதே. சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு தெரியாதா? அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து கூட்டிட்டுப் போயிருப்பே. நாலாவது மாடியில ஒத்தை ரூமு. உன் கட்டில்ல நான், தரையில நீ. நான் ஜன்னல் வழியா என்னத்தை அளப்பேன்?

இப்போ சொல்லிட்டேன். நீக்கறதா இருந்தா நீக்கிடு. உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாது.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். ஜன்னலே இல்லாத அறையில் ஏது தூசி என்று மேடம் கேட்டார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ என் அக்கா என்பது உட்பட. அவர் சொன்னது இது. யார் பார்த்தது என்று தெரிந்தால் போதும், அது யாராக இருந்தாலும் வெளியிடலாம். பதினேழு இடத்திலும் நம்பத் தகுந்த நோட்டு இந்த ஆறு வருஷத்து நோட்டுதான். அத்தானுடைய பதினெட்டு வருஷத்துக்குத்தான் எச்சரிக்கை போட வேண்டும். ஆனால் உண்மையை எழுதினால் அது எல்லோர் கண்ணுக்கும் போகும், உங்கள் துறைக்கும் போகும். அப்புறம் அந்த வீட்டுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது.

"அளவாளர் குடும்பத்தினர்" என்று மழுப்பி எழுதலாம். யாரும் தோண்ட மாட்டார்கள். இல்லையென்றால் ஆறு வருஷத்தையும் எடுத்துவிடலாம், வெள்ளத்தோடு சேர்த்து. நீ எதைச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

இனி என் கணக்கு. வட்டம் தொடங்குவது அத்தான் போன மாசம். முதல் வருஷம் 31. அப்புறம் 19, 12, 9, 6. கடைசி வருஷம் 4. வெள்ளம் வந்த மூன்று நாளும் எதுவும் இல்லை, அரை வட்டம்கூட. அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ சொல்லி எழுத வேண்டும்.

அந்த வெள்ளத்தைச் செய்தியில் பார்த்தேன். கிளம்பிப் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். அத்தான் இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார், அவர் முகத்தில் ஏன் விழிக்க வேண்டும் என்று திரும்பிவிட்டேன். அவர் முகத்துக்குப் பயந்து ஏழு வருஷம் வரவில்லை, அக்கா. அந்த முகம் அங்கே இல்லவே இல்லை.

தம்பி


ஜூலை 14

என் தம்பிக்கு,

சுகம். நீ அழுதா மூக்கு மிளகாய்ப்பழமா ஆயிடும், தூசின்னு சொன்னா உங்க மேடம் எப்படி நம்புவாங்க? அடுத்த தடவை வெங்காயம்னு சொல்லு.

அஞ்சு நாளா யோசிச்சேன். படி இறங்கும்போது வேணாம்னு தோணும், ஏறும்போது எழுதட்டும்னு தோணும். நேத்து ஏறி முடிச்சதும் அப்படியே உட்கார்ந்து முடிவு பண்ணிட்டேன். உள்ளதை எழுதுடா.

வீடு போனா போகட்டும்னு வீரம் பேச மாட்டேன். பயம்தான். இந்த ரெண்டு ரூமும் இந்தப் படியும் விட்டா எனக்கு வேற எதுவும் பழக்கமில்லை. ஆனா அந்த வெள்ளத்துல மூணு நாள், கதவுல கயித்தைக் கட்டி, இன்னொரு முனையை இடுப்புல கட்டிக்கிட்டு இறங்கினேன். என்னை யாரும் பார்க்கலை. தண்ணி என்னை எடுத்துட்டுப் போயிருந்தாலும், மாசக் கடைசியில தாள் வரலையேன்னு ஆபீஸ்ல கேட்டிருப்பாங்க, அவ்வளவுதான். அந்த 388ஐ அத்தான் பார்த்ததா போட எனக்கு மனசு வரலை. குடும்பத்தினர் பார்த்ததாவும் போடாதே. எந்தக் குடும்பம்? "அவர் மனைவி"ன்னும் வேணாம். அந்தப் படியில மனைவி யாரும் இறங்கலை, நான் இறங்கினேன்.

வட்டத்தையும் எழுதிக்கோ. அன்னைக்கு வீட்டுக்கு ஆள் வந்தாங்கன்னு அர்த்தம். சும்மா வந்தா போதாது. உள்ளே வந்து உட்காரணும், அப்போதான் வட்டம். வாசல்ல நின்னே பேசிட்டுப் போனா அரை. போஸ்ட்மேன் அரை, ஓவர்சியர் அரை. கிளீனர் உட்கார்ந்து டீ குடிச்சதுதான் முதல் வட்டம். ஆரம்பத்துல துக்கம் விசாரிக்க வந்தாங்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் வர்றதை நிறுத்திட்டாங்க. தண்ணிக்கு மட்டும் தினம் கணக்கு இருக்கே, நமக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு விளையாட்டா போட்டது. அதை நீ எண்ணுவேன்னு நான் கண்டேனா?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தியா? போதும் போ. கால் வட்டம் போட்டுக்கறேன்.

உன்னோட,
அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெளியிட்டுவிட்டோம். நேற்று மதியம் பட்டனை அழுத்தினேன், ஒரு சத்தமும் வரவில்லை. மேடம் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார். உன் கம்பத்துக்கான விளக்கத்தை அப்படியே எழுதி அனுப்புகிறேன்:

"அளவுகோல் எண் 11. முதல் பதினெட்டு ஆண்டுகளின் அளவுகள் நியமிக்கப்பட்ட அளவாளர் எழுதியவை. பெரும்பாலும் நேரில் பார்க்காமல் எழுதப்பட்டவை, எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும். பிப்ரவரி 30ஆம் தேதிக்கான அளவு மூல நோட்டில் உள்ளபடியே விடப்பட்டுள்ளது. அடுத்த ஆறு ஆண்டுகளின் அளவுகள், அளவாளர் சென்றுவிட்டபின் அந்த வீட்டில் தனியாக வசிக்கும் பெண், நாளுக்கு இருமுறை இருபத்திரண்டு படி இறங்கி நேரில் பார்த்து எழுதியவை. பெருவெள்ளத்தின் மூன்று நாள்களும் இவற்றில் அடங்கும். குறிப்புப் பத்தி: வட்டம் என்றால், அன்று வீட்டுக்கு ஒருவர் வந்து, உள்ளே உட்கார்ந்தார். அரை வட்டம் என்றால், வாசலோடு திரும்பினார். நீர்மட்டத்தோடு தொடர்பில்லை. மூல நோட்டில் உள்ள எதுவும் அழிக்கப்படவில்லை என்பதால் இதுவும் அழிக்கப்படவில்லை."

கடைசி வாக்கியத்துக்கு மேடம் சண்டை போடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

உங்கள் துறைக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. யாராவது வருவார்கள். அதற்கு முன்னால் நான் வரப் பார்க்கிறேன். செப்டம்பர் 20, காலை பஸ். நான்கு நாள் லீவு. இது வீடா சத்திரமா என்று கேட்க மாட்டாயே?

தம்பி


அக்டோபர் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஒழுங்கா போய்ச் சேர்ந்தியா? பஸ்ல தூங்கி வாயைத் திறந்து வச்சிருப்பே, ஈ போயிருக்கும். நான் சுகம்.

முதல்ல வீட்டு விஷயம். நீ போன மறு வாரம் எஞ்சினியர் வந்தார். சின்ன வயசு, ஷூ போட்டிருந்தார், அதோட படியில இறங்கத் தெரியலை. என்னைப் படிச்சுக் காட்டச் சொன்னார். குத்தவச்சு உட்கார்ந்து படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்துட்டு, "வேற ஆள் போடற வரைக்கும் நீங்களே பார்த்துக்குங்கம்மா"ன்னார். இந்த மூலைக்கு வேற எவன் வருவான்? ஆனா எழுத்துல எதுவும் கொடுக்கலை. அதனால ஆள் போடற வரைக்கும் நான் இங்கதான், நாளைக்கே போட்டாலும் போட்டதுதான். உள்ளே வாங்க, டீ குடிங்கன்னேன். நேரமில்லைன்னார். அரை.

இப்போ உன் விஷயம். நோட்டுல கை வச்சியா? நான் உனக்குச் சோறு கட்டிட்டு இருந்த நேரம் பார்த்து, கிளம்பற அன்னைக்குக் காலையில நீயே இறங்கிப் போய் 151ன்னு எழுதி வச்சிருக்கே. நாலு நாளைக்கும் உன் கையாலயே வட்டம் வேற, காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி. பஸ் திரும்பற வரைக்கும் நின்னுட்டு, அப்புறம் நான் இறங்கிப் பார்த்தேன். 148. மூணு சென்டிமீட்டர் எங்கேடா போச்சு? ஈரக் கோட்டைப் படிச்சிருக்கே! இவ்வளவு எழுதிச் சொல்லியும் குத்தவச்சு உட்காரலை, பேன்ட் கசங்கிடும்னு நின்னுட்டே எட்டிப் பார்த்திருக்கே. இந்த லட்சணத்துல நீ ஊருக்கெல்லாம் விளக்கம் எழுதறே.

அடிக்கலை. எதையும் அழிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே. 151ஐ அப்படியே விட்டுட்டு, கீழே 148ன்னு போட்டிருக்கேன். அன்னைக்குக் காலையில படிச்சது வேற ஆள், ஈரக் கோட்டைப் படிச்சுட்டான்னு உன் விளக்கத்துல சேர்த்துடு. மறந்துடாதே, நாளைக்குப் பாலம் கட்டறவங்க குழம்பிடுவாங்க.

நீ உட்கார்ந்த நாற்காலியை இன்னும் எடுத்து வைக்கலை. முட்டி வலி, யார் தூக்கறது. இருமினா மருந்து குடி, மழைக்கு முன்னாடி குடை வாங்கு.

இன்னைக்குக் காலையில 143. சாயங்காலம் 144. குறிப்பு ஒண்ணுமில்லை.

அக்கா